மெஷினின் திங்கள்கிழமைச் சோம்பல்

அந்த லேப்பில் ஆட்களை அவரவர் மேசையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் வருகிறவர்களை எழுதிக்கொள்கிறவர் வரவேற்பு மேசை. ஜன்னலோரத்தில் நுண்ணோக்கியும் சின்னச் சின்ன டப்பாக்களுமாக உட்கார்ந்திருப்பவர் சிறுநீர் மேசை அம்மாள். ரத்தம் எடுப்பதும், அதைச் சுழற்றித் தெளியவைத்து மெஷினில் ஏற்றி எண்களை வாங்குவதும் ரத்த மேசைக்காரரின் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வந்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் டாக்டரம்மாவுக்குக் கையெழுத்து டாக்டர் என்று பெயர். சிறுநீர் மேசை அம்மாளுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் வருத்தம் உண்டு. அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நம் கதை ரத்த மேசைக்காரரைப் பற்றியது. வயது ஐம்பத்துமூன்று. கைராசிக்காரர். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிடும். இனி எதற்கு அழுவது என்று தெரியாமல் சில பிள்ளைகள் திறந்த வாயை மூடாமல் நிற்கும். மற்ற இடங்களில் நாலைந்து குத்து வாங்கிவிட்டு வந்த கிழவர்களுக்குக்கூட இவர் ஒரே குத்தில் எடுத்துவிடுவார். எடுத்து முடிக்கும்வரை பேச மாட்டார். முடிந்ததும் பேசுவார். அதுதான் பிரச்சினை.

கொழுப்பு அதிகம் என்று ரிப்போர்ட் வந்த யாரும் அவரிடம் பேச்சு வாங்காமல் வெளியே போனது கிடையாது. "வாயைக் கட்டணும் சார்" என்று ஆரம்பிப்பார். "நாக்கு கேக்குதுன்னு குடுத்துக்கிட்டே இருந்தா நெஞ்சு என்ன பண்ணும்?" அவர் சொல்வதற்கு அவர் உடம்பே சாட்சி. கொக்கியில் சட்டையை மாட்டின மாதிரி இருப்பார். முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும்தான் தின்பார். மஞ்சள் கருவை வீணாக்கக் கூடாது என்று அவர் மனைவி தின்பார், நாளுக்கு இரண்டு. அதற்கும் அவரிடம் தினசரி பேச்சு உண்டு. மனைவி அதைக் கேட்டுக்கொண்டே தின்பார்.

திங்கள்கிழமைக் காலை வேலை ஒரு மாறாத முறையில் நடக்கும். ஞாயிறு லேப்புக்கு விடுமுறை. ஒரு நாள் முழுக்க அணைந்து கிடந்த மெஷினை எழுப்பி, அரை மணி நேரம் சூடேற விட்டு, நோயாளி யாருடைய ரத்தத்தையும் ஏற்றுவதற்கு முன்னால் அவர் தன் ரத்தத்தை ஏற்றுவார். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையில் கட்டி, வலது கையால் தானே எடுத்துக்கொள்வார். மெஷின் யோசித்துவிட்டு ஓர் எண்ணைச் சொல்லும். கொழுப்பு முந்நூற்றெழுபத்திரண்டு. சில வாரம் முந்நூற்று அறுபத்தெட்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டிய சங்கதி அது.

பிறகு, மெஷின் கம்பெனி அனுப்புகிற சோதனைப் புட்டியை ஏற்றுவார். அதற்குள் இருக்கும் சீரத்தில், அதாவது தெளிந்த ரத்த நீரில், கொழுப்பு எவ்வளவு என்று புட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். மெஷினும் அதே எண்ணைச் சொன்னால் மெஷின் சரி. அதே எண்ணைத்தான் சொல்லும். ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முதல் ஓட்டத்தில் மெஷினுக்குத் தூக்கம் கலையவில்லை, கூட்டிச் சொல்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் தெளிந்துவிடுகிறது. இதற்குத் திங்கள்கிழமைச் சோம்பல் என்று பெயரும் வைத்தார். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக இது அந்த லேப்பின் வேதவாக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிவறை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஒரே ஒரு தடவை, மறதியில், புட்டியை முதலில் ஏற்றிவிட்டார். மெஷின் சரியாகச் சொன்னது. அடுத்து அவர் ரத்தம்: முந்நூற்று அறுபத்தொன்பது. வேறு யாராக இருந்தாலும் அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருப்பார்கள். இவர், சோம்பல் இன்றைக்குத் தாமதமாக வந்திருக்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து மெஷினைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல், வந்ததற்கு ஒரு விளக்கை மாற்றிவிட்டுப் போனார்.

போன மாதம் ரத்த மேசைக்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. முகம் வீங்கி மூன்று நாள் லீவு. சிறுநீர் மேசை அம்மாள் இரண்டு மேசையையும் பார்த்துக்கொண்டார். திங்கள் காலை மெஷினை எழுப்பி, வேதவாக்குப்படி தன் ரத்தத்தை எடுத்து ஏற்றினார். நூற்று அறுபத்துநான்கு என்றது மெஷின். அம்மாளுக்குத் திக்கென்றது. செவ்வாய்க்கிழமையும் ஏற்றிப் பார்த்தார். நூற்று அறுபத்தாறு. நேரே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"சார், மெஷின்ல ஏதோ கோளாறு. காலையில முதல் ஓட்டமே சரியா காட்டுது."

"சரியா காட்டினா என்னம்மா?"

"எப்பவும் தப்பாத்தான் சார் காட்டும்."

மெக்கானிக், தான் வேறு ஊரில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை, ஒரு கன்னம் உப்பியபடி வேலைக்கு வந்தவரிடம் அம்மாள் குற்றவாளி மாதிரி நின்று விஷயத்தைச் சொன்னார். "நான் எதையும் தொடலண்ணே. அதுவா சரியாயிடுச்சு."

"நீ ஏத்தினதுல ஏதோ தப்பு" என்று சொல்லி அவர் தன் ரத்தத்தை எடுத்து ஏற்றினார். முந்நூற்றெழுபத்துநான்கு. "பாரு" என்றார். அம்மாளின் ரத்தத்தை ஏற்றினார். நூற்று அறுபத்தைந்து. "தெளிஞ்சிடுச்சு, பாத்தியா?" என்றார். பிறகு, எதற்கென்று அவருக்கே தெரியாமல், மறுபடி தன்னுடையதை ஏற்றினார். முந்நூற்றெழுபத்துமூன்று. மறுபடி அம்மாளுடையதை. வரவேற்பு மேசைக்காரரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். வரவேற்பு மேசைக்காரர் தொப்பையும் தொந்தியுமான மனிதர், காலையிலிருந்து மூன்றாவது தடவையாக எதையோ மென்றுகொண்டிருந்தார். நூற்றுத் தொண்ணூறு.

அறையில் மூன்று பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிறுநீர் மேசை அம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, சோம்பல் மெஷினுக்கு இல்லைன்னு நினைக்கிறேன்."

அன்று கையெழுத்து டாக்டர் வருகிற நாள். அதிகம் பேசாத பெண்மணி. ரிப்போர்ட்டுகளோடு பேசிப் பேசி மனிதர்களிடம் பேசும் பழக்கம் விட்டுப்போனவர். எண்களைப் பார்த்தார். ரத்த மேசைக்காரரை வெளிச்சத்துக்கு நகர்த்தி நிறுத்தி, கண்ணைப் பார்த்தார். கருவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று இருந்தது. அதை அவர் மனைவி கல்யாணமான புதிதில் அழகு என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கயிறு மாதிரி இருக்க வேண்டியது முடிச்சும் தடிப்புமாக விரல் பருமனுக்கு இருந்தது. முப்பது வருடமாக எந்தச் செருப்பும் தனக்குச் சேர்வதில்லை என்று அவர் செருப்புக்கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா இருக்காரா?"

"நாப்பத்தாறுல போயிட்டார். பீரோ தூக்கினார்."

"பீரோவா?"

"ரெண்டு கதவு பீரோ, டாக்டர்."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. நாப்பத்தொண்ணுல போயிட்டான்."

"அவர் என்ன தூக்கினார்?"

"ஒண்ணும் தூக்கல. சாப்பிட்டான்" என்றார் ரத்த மேசைக்காரர்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல வருடங்களில் முதல்முறையாக நீளமாகப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது. உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அது இல்லாமல் செல்லுக்குச் சுவர் நிற்காது. ரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்பு மூட்டைகளைப் பிடித்து உள்ளே இழுக்க, செல்லின் மேற்புறத்தில் ஏற்பி என்று ஒரு புரதம் நிற்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற ஆள் மாதிரி. பிடிக்கும், உள்ளே கொண்டுபோய் இறக்கும், திரும்பி வாசலுக்கு வந்து அடுத்ததைப் பிடிக்கும். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, பத்தொன்பதாவது குரோமோசோமில் ஒரு மரபணுவாக எழுதியிருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டில் ஒன்று பிழையாக வந்துவிட்டால் வாசலில் ஆள் பாதியாகிவிடும். எடுக்க ஆளில்லாத மூட்டைகள் ரத்தத்திலேயே அலைந்து, வருடக்கணக்கில் போய் இதயத்துக் குழாய்ச் சுவர்களில் ஒதுங்கும்.

இதில் இருக்கிற கூத்து என்னவென்றால், வெளியே கொழுப்பு வெள்ளமாக ஓடிக்கொண்டிருக்க, ஈரலில் இருக்கும் செல், உள்ளே பஞ்சம் என்று பயந்து தானும் கொழுப்பைத் தயாரிக்க ஆரம்பிக்கும். வாயைக் கட்டுவதால் அதன் பயம் தீராது. வெள்ளைக்கரு தின்று கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். மாத்திரைதான் வழி. அது செல்லின் அந்தத் தயாரிப்பை அடக்கும். அடக்கினால் செல் வேறு வழியில்லாமல் வாசலுக்கு இன்னும் கொஞ்சம் ஆளை அனுப்பும்.

"அப்ப சாப்பாடு காரணம் இல்லையா?" என்று கேட்டார் ரத்த மேசைக்காரர். உப்பிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். பல் பிடுங்கினதால் என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

"உங்க விஷயத்துல இல்ல. உங்க அப்பா விஷயத்துலயும் தம்பி விஷயத்துலயும் பெரும்பாலும் இல்ல. உங்களுக்குப் பிள்ளைங்க?"

"இல்ல."

"தம்பிக்கு?"

"ஒரு பொண்ணு. பத்தொன்பது வயசு."

"தம்பிகிட்ட இது இருந்திருந்தா, பொண்ணுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டிவிட்ட மாதிரி. இப்பவே பார்த்தா ஒண்ணும் ஆகாம காப்பாத்திடலாம். நாளைக்கே ரத்தம் எடுங்க" என்று டாக்டர் எழுந்துவிட்டார். ரத்தம் எடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று டாக்டர் நினைத்தார்.

கஷ்டம் என்னவென்று சொல்ல, ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

தம்பி சுவருக்கு வர்ணம் பூசுகிறவன். ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மத்தியானம்வரை பூசிவிட்டு, வர்ண வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அவனுடைய சாப்பாட்டு டப்பாவையும் கூட வேலை செய்தவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். திறக்காத டப்பா. கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். ரத்த மேசைக்காரருக்குத் தம்பி என்றால் உயிர். துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாத சில பேர் அதைக் கையில் கிடைத்த ஆளின் தலையில் இறக்கிவிடுவார்கள். அவர் அந்த டப்பாவைத் திறந்து, பொரித்த உருளைக்கிழங்கையும் பொரித்த முட்டையையும் எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். "பாருங்க. எண்ணெயிலேயே குளிப்பாட்டி என் தம்பியைக் கொன்னுட்டா" என்றார். தம்பி மனைவி அப்போது தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். லேப்காரர் சொல்கிறார், படித்தவர் சொல்கிறார் என்று கூடமே தலையை ஆட்டியது.

அன்றைக்குப் பிறகு அவள் இவர் முகத்தில் விழிக்கவில்லை. இவரும் போகவில்லை. தான் சொன்னது உண்மை என்று அவர் முழுசாக நம்பினார், அதனால் அவருக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை. லேப்புக்கு வருகிறவர்களுக்கு அவர் நடத்துகிற பிரசங்கம்கூட அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

டாக்டர் பேசிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி என்னவென்று கேட்டார். சொன்னார். மெஷின் வந்தது பதினோரு வருடம் முன்னால். தம்பி போனது ஒன்பது வருடம் முன்னால். நடுவில் இரண்டு வருடம், வாரம் தவறாமல், ஒவ்வொரு திங்கள்கிழமையும் மெஷின் அவரிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவை காதில் வாங்கியிருந்தால் தம்பியையும் இழுத்து வந்து ரத்தம் எடுத்திருப்பார். தம்பி இருந்திருப்பான். தலை நரைத்து, அண்ணன் தொல்லை தாங்க முடியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பான்.

"நான் அவளைச் சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க" என்றார் மனைவி. கணவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிற வழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. "போய்ப் பொண்ணுக்கு ரத்தம் எடுங்க. எடுத்துட்டு அவகிட்ட சொல்ல வேண்டியதையும் சொல்லுங்க."

மறுநாள் காலை ஊசிப் பையோடு கிளம்பினார். தம்பி வீடு இரண்டாவது மாடியில், நீளமான வராந்தாவின் கடைசியில். தம்பி மனைவி தையல் வேலை செய்கிறாள். வராந்தாவில் நடக்கும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்டது. அவர் கதவைத் தட்டியதும் நின்றது. கதவு முக்கால்வாசி திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

"என்ன?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "எனக்குக் கொழுப்பு முந்நூத்து எழுபது" என்றார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு?"

"பரம்பரையா வர்றதாம். டாக்டர் சொன்னாங்க. பொண்ணுக்கும் இருக்கலாமாம். ஒரு டியூப் ரத்தம் போதும்."

அந்த இடத்தில் மீதியையும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தார். ஆனால், பொண்ணு ரத்தம் சுத்தமாக இருந்துவிட்டால், பழசை எதற்குக் கிளற வேண்டும், காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமே என்று ஓர் எண்ணம் அவருக்குள் ஓடியது. மனிதர் மொத்தத்தில் கெட்டவர் இல்லை. அந்த நிமிஷத்தில் கோழையாக இருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவர் மேல் இருந்த கோபத்தையும் மகளைப் பற்றிய பயத்தையும் அவள் எடைபோட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வராந்தாவில், வாசலுக்கு வெளியே போட்டாள். அவரை உள்ளே விடுவதாக இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பாதி பின்னிய தலையோடு வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். கடைசியாக அவர் பார்த்தபோது பத்து வயது. தம்பியின் நெற்றி அப்படியே இருந்தது. "வலிக்குமா பெரியப்பா?" என்றாள். முப்பது வருட வேலையில் முதல்முறையாக, நரம்பை ஒரு நூல் தள்ளிக் குத்திவிட்டு மறுபடி குத்தினார். அவளுக்கு வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டார்.

லேப்புக்கு வந்து சுழற்றித் தெளியவைத்து மெஷினில் ஏற்றினார். வழக்கமாக மெஷின் யோசிக்கிற பத்து நிமிடத்தில் அவர் டியூப்களைக் கழுவுவார், யாரையாவது திட்டுவார். அன்று நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். சிறுநீர் மேசை அம்மாள் தன் மேசையை விட்டு வந்து பின்னால் நின்றார்.

முந்நூற்று முப்பத்தெட்டு.

மறுபடி ஏற்றினார். முந்நூற்று நாற்பது. சோதனைப் புட்டியை ஏற்றினார், அச்சடித்ததையே சொன்னது. மூன்றாவது தடவையும் பெண்ணின் ரத்தம்: முந்நூற்று முப்பத்தெட்டு. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று அம்மாள் கேட்டார். அந்த அம்மாள் நல்ல மனதோடுதான் கேட்டார். "வேண்டாம். மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

கையெழுத்து டாக்டருக்குப் போன் செய்தார். பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எல்லாரையும் போல வாழ்வாள், தாயும் பெண்ணுமாக நாளைக்கு வந்து பார்க்கட்டும் என்றார் டாக்டர். "நான் வேணும்னா அவங்க அம்மாகிட்ட பேசட்டுமா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றார். ரிப்போர்ட்டைத் தானே அச்சடித்து, மடிக்காமல், கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனார்.

இந்தத் தடவை அவர் தட்டவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் தம்பி மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

ஒரே அறை. ஒரு பக்கம் தையல் மெஷினும் வெட்டிய துணிகளும். இன்னொரு பக்கம் அடுப்பு. பெண் கடையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எண்ணைச் சொன்னார். உடனே மாத்திரையையும் சொன்னார், டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார், பயப்பட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார்.

"தப்பா இருக்கும்" என்றாள் தம்பி மனைவி.

"மூணு தடவை பாத்துட்டேன்மா."

"இல்ல மாமா, தப்புத்தான். இந்த வீட்டுல ஒன்பது வருஷமா எதையும் பொரிச்சதில்ல. வாணலியையே தூக்கிப் போட்டுட்டேன். இவளுக்குப் பத்து வயசுலேருந்து எல்லாம் வேகவச்சுத்தான் குடுக்கிறேன். பக்கத்து வீட்டுல பொரிக்கிற வாசம் வந்தாக்கூட ஜன்னலைச் சாத்திடுவேன். எங்கேருந்து வரும் கொழுப்பு?"

ரத்த மேசைக்காரர் அடுப்பைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பாத்திரம், ஒரு மூடி, ஒரு கரண்டி. வேறு ஒன்றும் இல்லை. வெட்டிய துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பாட்டால வரலம்மா" என்றார். "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கு இருக்கு. தம்பிக்கு இருந்துச்சு. இவளுக்கு வந்திருக்கு. எங்க வீட்டு ரத்தம். நீ வேகவச்சுக் குடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான். நீ ஒண்ணும் பண்ணல."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அவன் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மெஷின் எனக்குக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. என் ரத்தத்துல. நான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அன்னிக்கே புரிஞ்சிருந்தா அவனுக்கும் பாத்திருப்பேன். யாரையாவது சொல்லணும்னா அன்னிக்கு என்னைத்தான் சொல்லியிருக்கணும். உன்னைச் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறோம் என்பது மூக்கு ஒழுகினபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தம்பி மனைவி அழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை அந்தச் சாப்பாட்டு டப்பாவை மனதுக்குள் திறந்து மூடியிருப்பாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப நான் கொல்லல" என்றாள்.

"இல்லம்மா. நீ கொல்லல."

"அன்னிக்குக் கூடம் நிறைய ஆள் இருந்தாங்க."

"தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்றேன்."

"அவங்களுக்கெல்லாம் அப்புறம் சொல்லுங்க." மகள் பக்கம் கையைக் காட்டினாள். "முதல்ல இவகிட்ட சொல்லுங்க. இவளும் அன்னிக்கு அங்கதான் நின்னா."

அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நேற்று ராத்திரி முழுக்க எண்ணிப் பார்த்தவர், பத்து வயதுக் குழந்தையை எண்ணவில்லை. எழுந்தார். பெண் கையில் துவாலையோடு சுவரோரமாக நின்றிருந்தாள்.

"உங்க அப்பா செத்தது உங்க அம்மாவால இல்ல" என்றார். "நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

பெண் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நான் நம்பிட்டேன்மா" என்றாள்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. "தட்டுல எதை வச்சாலும் மோந்து பாத்துட்டுத்தானே ஒரு வாய் எடுப்பே."